மூன்று பேர் தட்டிய கதவு: வேலூரில் பிள்ளைகளோடு ஒரு நாள்

பிள்ளைகளுக்கு வேதத்தைக் கற்றுக்கொடுக்கிற வேலையை ஓய்வுநாள் பள்ளியிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிற வீடுகள் நம் சபைகளில் அதிகமாகிவிட்டன. ஆனால் "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்" பேசு என்று உபாகமம் 6-ல் கட்டளை வந்தது பெற்றோருக்குத்தான். சரி, வழியில் நடந்துகொண்டே பேசுவோம் என்று இந்த லீவில் குடியாத்தத்திலிருந்து பிள்ளைகளோடு வேலூருக்கு பஸ் ஏறினோம்.

முதலில் கோட்டை. அகழியைத் தாண்டி உள்ளே போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, பரிசுத்த யோவான் ஆலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. ஆலயம் 1846-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினருக்காகக் கட்டப்பட்டது. ஜெபித்துவிட்டுக் கிளம்பினோம்.

என் மனதெல்லாம் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி சிற்றாலயத்தில்தான் இருந்தது. காந்தி ரோடு நெடுக லாட்ஜ்களில் வங்காள எழுத்துப் பலகைகள். எங்கெங்கிருந்தோ வந்த நோயாளிகள். சிற்றாலயத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா கண்மூடி உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. அதன் புறங்கையில் ஊசி கழன்றுவிடாமல் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அந்தப் பிளாஸ்திரியின் ஓரத்தைக் குழந்தை விரலால் நோண்ட, அந்த அம்மா கண்ணைத் திறக்காமலேயே அதன் விரலை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பாப்பாவுக்கு என்னம்மா?" என்றாள் மகள். தெரியாது, நாம் ஜெபிக்கலாம் என்றேன். பெயர் தெரியாத அந்தக் குழந்தைக்காக அவளே வாய்விட்டு ஜெபித்தாள்.

வெளியே வந்ததும் இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவின் கதையைச் சொன்னேன். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனெரி டாக்டரின் மகள். தானும் மிஷனெரியாக அவருக்கு விருப்பமில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள்.

"அவங்க அப்பா டாக்டர்தானே, அவர் போகலாமே?" என்றான் மகன். ஆண் டாக்டர் வேண்டாம் என்றுதான் மூவரும் மகளை அழைத்தார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா போய் டாக்டராகி, 1900-ல் ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

ஜாதி, மதம் பார்க்காமல் யாரும் நடுராத்திரியில் வந்து தட்டலாம் என்ற நம்பிக்கையை ஊருக்குக் கொடுத்திருந்தது அந்தத் திண்டிவனத்து வீடு. அந்த வீட்டுப் பெண்ணின் மனதில் கர்த்தர் பேசியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்று நம் வீடுகளிலோ சாயங்காலமானால் கதவைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிடுகிறோம். பக்கத்து வீட்டில் யாருக்கு முடியவில்லை என்பதுகூடப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. மார்க்கைச் சொல்லிச் சொல்லி அவர்களை நோகடிக்க மட்டும் நேரம் இருக்கிறது. "உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயரில் பவுல் தகப்பன்மாருக்கு எழுதியதை அம்மாமாரும் நமக்கென்று வாசிக்க வேண்டும்.

இந்த ஆஸ்பத்திரியைக் காட்டி, "இங்கே சீட் கிடைக்கணும்னு ஜெபம் பண்ணு" என்று பிள்ளைகளிடம் சொல்கிற பெற்றோர் பலர். படிப்புக்காக ஜெபிப்பது நல்லதுதான். ஆனால் இந்தக் கல்லூரியின் குறிக்கோள் வாசகமே மத்தேயு 20:28-லிருந்து வந்தது: ஊழியங்கொள்ளும்படி அல்ல, ஊழியஞ்செய்யவே. சீட்டைப் பற்றிப் பேசும் முன் பிள்ளைகளோடு அதைப் பேசுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் திண்டிவனத்துக் கதையைப் போகும் வழியிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் கேள்வி கேட்பார்கள். அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சிற்றாலயத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும்தான். அங்கே போட்டோ எடுக்க வேண்டாம்.