அன்பு அறிவிப்பாளரும் எங்கள் தமிழ் ஐயாவும்

நம் முன்னாள் மாணவர் சங்க மலருக்குப் பள்ளி நினைவு எழுதச் சொன்னால் தலைமையாசிரியரின் பிரம்பு, மதிய உணவு, ஆண்டு விழா நாடகம் என்று ஆளுக்கொன்று எழுதிவிடுவீர்கள் என்று தெரியும். நான் எங்கள் பள்ளி வாசலையே மிதிக்காத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீது. சன் டிவியில் 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள நம் மண்டபம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் அதற்கு முன்பே வீட்டு மனிதர்.

காரணம் எளிது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் சொச்சம்தான். நம் ஊர் ரேடியோவில் மதுரையும் திருச்சியும் இரைச்சலோடு வரும், இலங்கை வானொலியோ அடுத்த வீட்டில் பேசுவது போல வரும். 1952இல் ஆகாசவாணி சினிமாப் பாட்டைக் குறைத்ததும் தமிழ்நாடே அந்தப் பக்கம் முள்ளைத் திருப்பியது என்பார்கள். நாம் திருப்பவே வேண்டியதில்லை, முள் எப்போதும் அங்கேதான் நின்றது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஓடும்போதுதான் எங்கள் தெருவில் தேங்காய் துருவும் சத்தமும் கேட்கும். பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். கவிஞர் பெயரையெல்லாம் நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். 'பாட்டுக்குப் பாட்டு'ம் முதலில் அங்கே வானொலியில் வந்ததுதான்.

1990இல் இலங்கை அகதிகள் மறுபடி பெருவாரியாக வந்தபோது மண்டபம் முகாமிலிருந்து பல பிள்ளைகள் நம் வகுப்பில் சேர்ந்தார்கள். என் பெஞ்சில் உட்கார்ந்தவன் மன்னார்க்காரன். வருகை எடுக்கும்போது நாமெல்லாம் "உள்ளேன் ஐயா" என்று இழுப்போம், அவன் "ஓம் ஐயா" என்பான். வகுப்பே சிரிக்கும். ஆனால் அவன் 'ழ'கரம் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். "இது ஹமீது அண்ணன் பேசுற தமிழ்டா" என்று தமிழ் ஐயாவே ஒருநாள் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவனை யாரும் கேலி செய்ததில்லை. கேலி செய்தவர்களே பிறகு அவனைப் போலப் பேசிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

அந்த ஐயாதான் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை இலக்கிய மன்றம் என்ற பெயரில் பாட்டுக்குப் பாட்டாக மாற்றியவர். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் எழுத்துச் சீட்டுகள். டஸ்டரை மைக்காகப் பிடித்துக்கொண்டு, "உங்கள் அன்பு அறிவிப்பாளர்..." என்று தொடங்குவார். சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறித் தும்முவார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். சீட்டை எடுத்து, எழுத்தைச் சொல்லாமல் ஒரு கணம் நிறுத்துவார் பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.

'க', 'ம', 'ந' வந்தால் பிழைத்தோம். 'ஞ' வந்தால் 'ஞாயிறு' என்று தொடங்கும் பாட்டைத் தேட வேண்டும். அதை முந்தின ஆள் பாடித் தீர்த்திருந்தால் தொலைந்தோம். பவணந்தியாரின் நன்னூல் இலக்கணத்தில் மொழிமுதல் எழுத்து நடத்திய பாடம் எனக்கு மண்டையில் ஏறியது இந்த விளையாட்டில்தான். உயிர் பன்னிரண்டும் வரும், மெய்யில் பத்து வரிசைதான் சொல்லுக்கு முதலில் வரும். சரி, அப்படியானால் 'ர' சீட்டு ஏன் பாட்டிலில் கிடந்தது? 'ராமன்' என்று தொடங்கினால் அது 'ர'வா, இலக்கணப்படி 'இராமன்' என்று எழுதி 'இ'யில் சேர்ப்பதா? பெண்கள் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வந்த அன்று மணி அடித்தும் வகுப்பு கலையவில்லை. "காதில் என்ன விழுதோ அதுதான் எழுத்து, பவணந்தியார்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று ஐயா தீர்ப்பளித்தார்.

அப்புறம் கேபிள் வந்தது. அதுவரை ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினி பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் சன் டிவி நுழைந்தது. குரலாக மட்டுமே தெரிந்த மனிதர் ஒருநாள் கோட்டும் சூட்டுமாகத் திரையில் நின்றார். என் ராத்தாவுக்கு ஏமாற்றம். குரலை வைத்து இன்னும் உயரமாக நினைத்திருந்தாளாம். வாப்பா மட்டும், "முகத்தை விடு, பேச்சைக் கேளு" என்றார்.

கேட்டோம். இன்றைக்கு எத்தனையோ பேர் நிகழ்ச்சி நடத்துகிறார்கள், பாதிப் பேர் போட்டியாளரைக் கிண்டலடித்துத்தான் கைத்தட்டல் வாங்குகிறார்கள். ஹமீது அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வரியைத் தப்பாகப் பாடியவருக்குச் சரியான வரியை எடுத்துக் கொடுப்பார், அதுவும் அவர் தலை குனியாதபடி. 'ங்க' போட்டு மழுப்பாத, வானொலியில் கேட்ட அதே மரியாதைத் தமிழ். தோற்று இறங்குகிறவர் முகத்தில் ஏதோ பரிசு வாங்கிய களை இருக்கும். எங்கள் ஐயா டஸ்டரோடு செய்ததும் இதைத்தான். முதல் சுற்றிலேயே வெளியேறுகிறவனைப் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, கைத்தட்டச் சொல்லித்தான் உட்கார வைப்பார். மேடை என்றாலே நடுங்கிய என்னைப் போன்றவர்கள் அடுத்த வெள்ளியும் கை தூக்கியது அதனால்தான்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு ஒன்றுகூடலிலும் பாட்டுக்குப் பாட்டு உண்டு என்று கேள்விப்பட்டேன். பல்லவிக்கு முன்னால் வரும் தொகையறாவின் முதல் எழுத்து செல்லுமா செல்லாதா என்பதைத் தயவுசெய்து முன்கூட்டியே முடிவு செய்து அறிவியுங்கள். போன தடவை பிரியாணி ஆறிப்போனது இந்தச் சண்டையில்தான். என் கட்சி செல்லும் என்பதே. எதிர்க்கட்சிக்காரர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும்.