முள்ளியவளை மிருதங்கமும் ஸ்காபரோ ஜாஸும்

கனடா ஸ்காபரோவுக்கு வந்த புதுசில குளிரை விட மிருதங்கம்தான் எனக்குப் பெரிய கவலை. ஊரில, வன்னி முள்ளியவளையில, மாரி மழைக்குத் தோல் இளகும், அதுக்கு என்ன செய்யிறதெண்டு எங்களுக்குத் தெரியும், இஞ்ச ஹீட்டர் போட்டா காத்துக் காய்ஞ்சு வலந்தலை, அதுதான் வலக்கைப் பக்கத் தோல், இறுகிச் சுருதி ஏறிக்கொண்டே போகுது, இடக்கைப் பக்கமான தொப்பியில அப்பின ரவைப் பசை ஒரு பாட்டு முடிய முதலே வெடிச்சு உதிருது. சேர்ந்து வாசிக்கவும் ஆக்கள் இல்லை.

வேலையிடத்தில ஒருத்தர் டிரம்ஸ் அடிக்கிறவர், அவர்தான் ஒரு சேர்ச் பேஸ்மென்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். சாக்ஸபோன், பேஸ், பியானோ எண்டு ஜாஸ் வாசிக்கிற கொஞ்சப்பேர். எனக்கு அப்ப இங்கிலீஷ் சரியா வராது. ஆனா சாக்ஸபோன் நாலு பார், எங்கட கணக்கில நாலு தாளக் கட்டு, வாசிக்க டிரம்ஸ் நாலு பாரில மறுமொழி குடுக்குது, பேந்து ரெண்டு ரெண்டாக் குறையுது, எங்கட கச்சேரியில தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில, மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறிக் குறைப்பு வாசிக்கிறது அப்பிடியே! வந்ததுக்கு முதல் முதலா மற்றாக்கள் கதைக்கிறது முழுக்க விளங்கினது அண்டைக்குத்தான். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பைத் தகிட தகதிமி எண்டு சொல்லிக் காட்ட, டிரம்ஸ்காரர் வாயால சொல்லிச் சொல்லியே ஏழையும் பிடிச்சிட்டார்.

ராகத்திலதான் பெரும்பாடு. எங்கட வவுனியாப் பிள்ளை ஒண்டு வயலினில ஹிந்தோள ராகம் வாசிச்சுது, பியானோக்காரர் கீழ கோட், அதுதான் ஒண்டாச் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம், மாத்தி மாத்திப் போட்டார், பேஸ் ‘த’ சுரமான தைவதத்தில போய் இருந்த உடன அதே அஞ்சு சுரமும் மோகன ராகமாக் கேக்குது. இப்பிடி ஆதார சுரம் மாறி வேற ராகமாகிற கிரக பேதம் நாங்கள் வேணுமெண்டு செய்தா அழகு, தானா நடந்தா ராகம் கலைஞ்சு போகும். கதைச்சுப் பறைஞ்சு, ஸவும் மவும் மட்டும் பிடிச்சுக்கொண்டு இருங்கோ எண்டு கேட்டம், கேட்டிச்சினம். ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜோன் கோல்ட்ரேன் 1961ல ‘இந்தியா’ வாசிக்கேக்க நிண்டதும் இப்பிடி ஒரு ஆதார சுரத்திலதான், கோட் ஓடேல்ல. சித்தார் மேதை ரவி சங்கர் மேல வச்ச மரியாதையில மகனுக்கு ரவி எண்டு பேர் வச்ச மனுசன் அவர்.

ஓகெஸ்ட்ராவோட சேர்றது இன்னும் கஷ்டம், அவ்வளவு பேருக்கும் எழுதிக் குடுக்கோணும், சுரத்தை அசைச்சு வாசிக்கிற கமகத்தை எங்க எழுதிறது? அதையும் செய்து காட்டினவை இருக்கினம். ரவி சங்கர் 1971ல லண்டன் சிம்பனியோட, வயலின்காரர் எல். சுப்பிரமணியம் 1985ல சுபின் மேத்தா நடத்தின நியூயோர்க் பில்ஹார்மோனிக்கோட. இந்தச் சுப்பிரமணியமும், ஜோன் மக்லாக்லின், சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆக்களோட ‘சக்தி’ எண்ட கலப்பு இசைக் குழுவில வாசிச்ச தம்பி எல். சங்கரும் சின்னனில யாழ்ப்பாணத்தில இருந்தவை, தகப்பன் லட்சுமிநாராயணா அங்க சங்கீதம் படிப்பிச்சவர், 1958 இனக் கலவரத்தோட வெளிக்கிட்டுப் போன குடும்பம். வன்னியில இருந்து வந்த எங்கட பிள்ளையளுக்கு இதைத்தான் நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறன், இந்தக் கலப்பு இசையில எங்கட மண்ணில வளர்ந்த கையளும் இருக்கு.

போன கிழமை வாசிச்சதை ரெக்கோட் பண்ணி, ஊரில தவில் வாசிக்கிற சித்தப்பாவுக்கு வட்ஸ்அப்பில அனுப்பினன். ரெண்டு தரம் கேட்டுப்போட்டு எடுத்தார்.

“முடிவுக் கோர்வை நல்லா வந்திருக்கு மோனை, தாளம் தொடங்கிற சமத்தில எல்லாரும் ஒண்டா விழுந்திருக்கிறியள். ஆனா அந்தப் பித்தளைத் தட்டுச் சத்தத்துக்குள்ள தொப்பியில உன்ர கும்கி நாதம் ஒண்டும் கேக்கேல்ல, அவரைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லு.”

டிரம்ஸ்காரரிட்ட சொன்னன், தடியை வச்சிட்டு பிரஷ் எடுத்திருக்கிறார்.