அஜாக்ஸ் பெட்டியிலிருந்து ஐ.என்.எஸ். டெல்லி: கட்டுமான நாட்குறிப்பு

26 அக்டோபர் 2024, சனி. கடலூர், மஞ்சக்குப்பம்

ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் கிட் வந்து சேர்ந்தது: எச்.எம்.எஸ். அஜாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், அசலில் 600இல் ஒரு பங்கு அளவு. கட்டப்போவது அஜாக்ஸை அல்ல, ஐ.என்.எஸ். டெல்லியை. அம்மாவைப் பெற்ற தாத்தா 1950களின் கடைசியில் அதில் ஸ்டோக்கர், கொதிகலன் பார்க்கும் வேலை. டெல்லி என்ற பெயரில் பெட்டி தேடி அலைய வேண்டியதில்லை. அந்தக் கப்பல் பழைய எச்.எம்.எஸ். அக்கிலீஸ், அஜாக்ஸும் அக்கிலீஸும் ஒரே லியாண்டர் வகுப்பு க்ரூசர்கள். 1939 டிசம்பர் 13இல் பிளேட் நதி முகத்துவாரத்தில் இரண்டும் சேர்ந்தே ஜெர்மன் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பேயோடு மோதின. அக்கிலீஸ் 1948 ஜூலை 5இல் நம் கடற்படைக்கு வந்து டெல்லியானது. 1961 டிசம்பரில் டையூ நடவடிக்கை, 1978இல் ஓய்வு.

உடல் அளவு சரிதானா என்று முதலில் பார்த்தேன். கப்பல் 169 மீட்டர். 600ஆல் வகுத்தால் 282 மி.மீ. பொருந்துகிறது. அச்சு 1960களைச் சேர்ந்தது, அதனால் ஓரமெல்லாம் பிசிறு. பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டங்களை எல்லாம் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவிக் காயவைத்தாயிற்று. அச்சிலிருந்து ஒட்டிவரும் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயின்ட் செதில் செதிலாக உரியும்.

3 நவம்பர், ஞாயிறு

எதை எடுப்பது என்று முடிவு செய்கிற நாள். இந்த மாற்றத்தில் சேர்ப்பதைவிட நீக்குவதுதான் அதிகம்.

மாமா வீட்டு ஆல்பத்தில் பின்டெக்கில் நின்று எடுத்த குழுப்படம் ஒன்று உண்டு. ஆட்களுக்குப் பின்னால் Y டரட், அதாவது பின்பக்கக் கடைசிப் பீரங்கிக் கூண்டு. அதற்கு மேல் மேடையில் X டரட் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வளையச் சுவரும், அதற்குள் மேல்நோக்கிச் சாய்ந்த சின்னக் குழல்களும்தான் தெரிகின்றன. காரணம் 1943. ஜனவரியில் சாலமன் தீவுகள் பக்கம் X டரட்டின் மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. போர்ட்ஸ்மவுத்தில் பழுது பார்த்தபோது அந்த டரட்டையே கழற்றிவிட்டு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை வைத்தார்கள். விமானம் ஏவும் கேட்டபுல்ட்டும் போய்விட்டது. ஆகவே டெல்லிக்கு ஆறங்குலப் பீரங்கி எட்டு இல்லை, ஆறுதான். கிட்டில் வருகிற சீஃபாக்ஸ் கடல்விமானமும் கேட்டபுல்ட்டும் நாலாவது டரட்டும் உதிரி டப்பாவுக்கு.

10 நவம்பர், ஞாயிறு

உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டினேன். வெறுமனே சேர்த்தால் நடுப்பகுதி உள்வாங்கிக்கொள்ளும், பிறகு டெக் உட்காராது. உள்ளே இரண்டு இடத்தில் ஸ்ப்ரூத் துண்டை, அதாவது பாகங்கள் கோத்து வந்த சட்டத்தின் குச்சியை, குறுக்கே முட்டுக்கொடுத்து, டெக்கை ஒட்டாமல் வைத்துப் பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும்.

அடிக்கட்டை இணைப்பில் இடைவெளி விழத்தான் செய்யும். மிச்சமான ஸ்ப்ரூவைப் பொடிப்பொடியாக நறுக்கி, திரவப் பசைப் பாட்டிலில் கால்வாசி போட்டு ஓர் இரவு ஊறவிட்டால் கூழாகும். அதைப் பூசினால் அதே பிளாஸ்டிக், தேய்க்கும்போது மேடுபள்ளம் வராது. ஆனால் முழுக்க இறுக ஒரு வாரமாவது விட வேண்டும். அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டால் பிறகு உள்வாங்கி வரிப்பள்ளமாகும். அவசரமென்றால் ஃபெவிக்விக்கோடு முகப்பவுடர் குழைத்துப் பட்டி பார்க்கலாம். அதை அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும், மறுநாள் கல்லாகிவிடும்.

கேட்டபுல்ட் துளையையும் X டரட் துளையையும் எம்சீலால் அடைத்தாயிற்று. நனைத்த விரலால் தடவினால் பாதித் தேய்ப்பு மிச்சம்.

17 நவம்பர், ஞாயிறு

பீரங்கிக் குழல்கள். கிட்டில் வருபவை தீக்குச்சி மாதிரி தடித்திருக்கின்றன. இதற்கு மருந்துக்கடை ஊசிதான் சரி. பழுப்பு மூடி 26 நம்பர் ஊசியின் வெளிவிட்டம் 0.46 மி.மீ.; 600ஆல் பெருக்கினால் 27 செ.மீ. சொச்சம், ஆறங்குலக் குழலுக்கு அது போதும். கப்பலின் சிறிய நாலங்குலப் பீரங்கிகளுக்கு இன்சுலின் ஊசி, 31 நம்பர், 0.26 மி.மீ. ஆறங்குலம் மூன்று டரட்டுக்கு ஆறு குழல். நாலங்குலம் இரட்டைக் குழலாக நாலு மேடை, மொத்தம் எட்டு.

கட்டிங் பிளையரால் வெட்டினால் வாய் நசுங்கி, துளை மூடிவிடும். கண்ணாடி மேல் ஊசியை வைத்து, முக்கோண அரத்தின் விளிம்பால் அழுத்தி முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். சுற்றிலும் ஒரே சீராகக் கோடு விழுந்ததும் இரு பக்கமும் பிடித்து லேசாக வளைத்தால் டக்கென்று முறியும். துண்டு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. முனையை நுண் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் பிசிறு போய், உண்மையான குழல் வாய் தெரியும். நாலங்குலக் குழலின் நீளம் 7.6 மி.மீ. ஆறங்குலத்துக்கு, கிட்டின் குழலை வெட்டும் முன் டரட்டுக்கு வெளியே எவ்வளவு நீள்கிறது என்று அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய பிறகு அளக்க ஒன்றும் இருக்காது.

உலோகத்தைப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது, ஃபெவிக்விக்தான். இந்த ஈரக்காற்றில் அது சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். குண்டூசி நுனியில் தொட்டு வைத்து, காயும்வரை விசிறிக்காற்று ஓடவிட்டால் பூப்பது குறையும்.

24 நவம்பர், ஞாயிறு

X மேடைக்கு வளையச் சுவர். மெல்லிய பிளாஸ்டிக்குக்கு எறிந்த தயிர், ஐஸ்கிரீம் கப்புகளே போதும், ஆனால் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருக்க வேண்டும். 5 என்றிருந்தால் வேறு பிளாஸ்டிக், எந்தப் பசைக்கும் மசியாது; ஆபீஸ் ஃபைல் உறையும் அதே ரகம். 1.8 மி.மீ. அகலப் பட்டையை 8 மி.மீ. டிரில் பிட்டில் சுற்றி நூலால் கட்டி, கொதிநீரில் முக்கி எடுத்தால் வட்டம் நிற்கும்.

கொடிமரங்களும் மாறும். 1939 அஜாக்ஸுக்கு ஒற்றைக் கம்பம், டெல்லிக்கு மூன்று கால் கொண்ட மரம். முக்கியக் கால் நீல மூடி 23 நம்பர் ஊசி, 0.64 மி.மீ. அதன் உள்துளைக்குள் மஞ்சள் மூடி 30 நம்பர் (0.31) கச்சிதமாக நுழையும், அதுவே மேல்கம்பம். பின்னங்கால் இரண்டும் 26. மூன்று காலும் ஒரே கோணத்தில் நிற்க, அட்டையில் முக்கோணம் வரைந்து மூலைகளில் துளையிட்டு, அதில் செருகி வைத்துத் தலைப்பை ஒட்டுவதே சுலபம்.

1 டிசம்பர், ஞாயிறு

ஃபெஞ்சல் புயல். கரண்ட் இல்லை. கப்பல் அலமாரியின் மேல் தட்டில்.

15 டிசம்பர், ஞாயிறு

வானம் கொஞ்சம் வெளுத்தது, பெயின்ட் அடிக்கலாம். மழைக்காலத்தில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் பால் படர்ந்ததுபோல் வெளுக்கும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் அடித்தால் தப்பிக்கலாம். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் பக்கமே போகக்கூடாது, பாலிஸ்டைரினைத் தின்றுவிடும். வண்டி டச்-அப் ஸ்ப்ரேயும் அப்படித்தான்: தூரத்திலிருந்து தூவலாக நாலு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது.

சாம்பல் நிற பெயின்ட்டில் பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்தேன். இவ்வளவு சிறிய கப்பலில் அசல் நிறம் கருத்துத் தெரியும். நீர்மட்டக் கறுப்புப் பட்டைக்கு மாஸ்கிங் டேப்பை அப்படியே ஒட்டாமல், கண்ணாடியில் ஒட்டி 2 மி.மீ. கீற்றாக வெட்டி எடுக்க வேண்டும். கடைகளில் டேப்பின் ஓரம் தூசி பிடித்துப் பல் பல்லாக இருக்கும்.

22 டிசம்பர், ஞாயிறு

கம்பிக் கயிறுகள். முதுநகர்ப் பக்கம் எந்த வலைக்கடையிலும் தங்கூசி என்ற தூண்டில் நரம்பு கிடைக்கும், ஆனால் 0.12 மி.மீ. நரம்பு இந்த அளவில் 7 செ.மீ. வடமாகிவிடும். ஸ்ப்ரூவை இழுப்பதே சரி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெழுகுவர்த்திச் சுடருக்கு ஓர் அங்குலம் மேலே ஸ்ப்ரூவைச் சுழற்ற வேண்டும். பளபளத்துத் தொய்ந்ததும் சுடரை விட்டு விலக்கி, ஒரு நொடி பொறுத்து, சீராக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மெல்லிசு, நிதானமாக இழுத்தால் தடிப்பு. சுடரிலேயே வைத்து இழுத்தால் அறுந்துதான் போகும். ஒட்டிய பிறகு தொய்வு இருந்தால், அணைத்த ஊதுபத்தியின் கனலை ஒரு செ.மீ. தள்ளிக் காட்டினால் தானாக விறைக்கும். தொட்டால் போச்சு.

கொடி: கிட்டில் வரும் பிரிட்டிஷ் கடற்படையின் வெள்ளைக் கொடியின் மூலையில் யூனியன் ஜாக். 1950 ஜனவரி 26க்குப் பிறகு அந்த மூலையில் மூவண்ணம், சிவப்புச் சிலுவை அப்படியே இருந்தது. 6க்கு 3 மி.மீ. அளவில் மெல்லிய தாளில் இரு பக்கமும் வரைந்து, நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து, பென்சில் மேல் சாய்வாகப் படுக்கவைத்தால் மடிப்பு விழும். அசோகச் சக்கரத்துக்கு ஒரு நீலப் புள்ளி, அவ்வளவே இடம்.

கண்ணாடிப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. அடிப்பலகையில் சிலிக்கா ஜெல் வைக்க ஒரு குழி தோண்டச் சொல்லியிருக்கிறேன். உப்புக்காற்றில் வெட்டிய ஊசிமுனைகள் துருப்பிடிக்காமல் இருக்க, அவற்றின் மேல் மட்டும் மேட் வார்னிஷ் இரண்டு பூச்சு பாக்கி.