மைனாவும் பாலிஷும்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇக்கு அவ்வளவு கொட்டிக் கொடுத்துவிட்டு, காரை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திறந்தவெளி நிறுத்துமிடத்தில் மரத்தடியில் விட்டால் மைனாக்கள் சும்மா இருக்குமா? எச்சத்தில் அமிலம் உண்டு. நம்மூர் வெயிலில் சீக்கிரமே பெயிண்டில் தடம் விழும். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணி போட்டு ஊறவைத்து மெல்ல எடுங்கள்.

அப்புறம், அடிக்கடி பாலிஷ் போடச் சொல்லும் கடைகள்! பாலிஷ் என்றாலே பெயிண்டின் மேலே உள்ள நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். அதன் மொத்தத் தடிமனே பொதுவாக 40, 50 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). போனது போனதுதான். கீறல் கண்ணை உறுத்தினால் மட்டும் பாலிஷ், மற்றபடி வேக்ஸ் எனும் மெழுகுப் பூச்சு போதும்.

பெயிண்டின் மேல் மெல்லியதாகப் பூசும் செராமிக் கோட்டிங் போட்டால் கல்லடி படாது என்பதெல்லாம் சும்மா. அதற்குப் பெயிண்டின் மேல் ஒட்டும் தடிமனான பிபிஎஃப் எனும் காப்புப் படலம் வேண்டும். பிஐஇ விரைவுச்சாலையில், கல் தெறிக்கவிடும் லாரியின் பின்னால் ஒட்டி ஓட்டாமல் இருப்பது இன்னும் மலிவு 😄