மற்றும் ஒருவர்

2024 ஜூன் 5, புதன்

நேற்று தெருவில் எல்லா வீட்டு டிவியிலும் ஓட்டு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. நான் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கிக் கிளறிக்கொண்டிருந்தேன். தேடியது அதில் இருக்காது என்று எனக்கே தெரியும். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் ஜாபர்கான்பேட்டை வீட்டுக்குள் இடுப்பளவு வந்தபோது இந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எல்லாக் காகிதத்தையும் மொட்டைமாடியில் வடகம் மாதிரி பரப்பிக் காயவைத்தோம். லேமினேஷன் போட்டதெல்லாம் பிழைத்தது. என் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் மட்டும் நாலு மடிப்போடு கட்டையாக ஒட்டிப்போய், பிரித்தால் அப்பளமாக உதிர்ந்தது. இனி இது யாருக்கு வேண்டும் என்று குப்பையோடு தள்ளிவிட்டேன்.

இப்போது எனக்கே வேண்டியிருக்கிறது. அப்பா மத்திய அரசு வேலையில் இருந்தவர். அவருக்குப் பின் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த குடும்ப ஓய்வூதியம், மார்ச்சில் அம்மா போனதும் நின்றுவிட்டது. அம்மாவை அண்டியிருந்த விவாகரத்தான மகள் அதைக் கேட்கலாம் என்று பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்கிளார்க் மாமாதான் சொன்னார். மகளின் மாத வருமானம் குறைந்தபட்ச ஓய்வூதியமான 9,000 ரூபாயையும் அதற்கான அகவிலை நிவாரணத்தையும் தாண்டக்கூடாது. இன்றைய கணக்கில் அது 13,500. நான் பிளவுஸ் தைத்தும் புடவைக்கு ஃபால்ஸ் அடித்தும் பார்ப்பது ஆடித் தள்ளுபடி மாதத்தில்கூட அந்தப் பக்கம் போனதில்லை. அந்த நிபந்தனையில் நான் முதல் வகுப்பில் பாஸ்.

2017-ல் விதியைத் தளர்த்தி, அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே வழக்குப் போட்டிருந்தால் போதும், தீர்ப்பு பிறகு வந்தாலும் சரி என்று ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு வழக்கு, தீர்ப்பு இரண்டுமே அம்மா இருக்கும்போதே முடிந்துவிட்டன. காட்டக் காகிதம்தான் இல்லை.

2024 ஜூன் 7, வெள்ளி

"டைவர்ஸ் சர்டிபிகேட்" என்று எல்லாரும் சொல்கிறார்களே தவிர, நம் நாட்டில் அப்படித் தனியாக ஒரு சான்றிதழ் கிடையாது. பிறப்பு, இறப்பு மாதிரி மாநகராட்சியில் போய் வாங்குகிற சமாச்சாரம் இல்லை. கோர்ட் போட்ட உத்தரவுதான் சான்று. அதன் சான்றிட்ட நகலை அந்தக் கோர்ட்டில்தான் வாங்கவேண்டும்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடினேன். இப்போதைய வழக்குகளுக்குப் பதினாறு எழுத்தில் சி.என்.ஆர். என்று ஒரு எண் இருக்கிறது, அதைத் தட்டினால் வாய்தா தேதி வரை வந்துவிடும். என்னிடம் அந்த எண்ணும் இல்லை, மனுவைப் பதியும்போது கோர்ட் தருகிற ஓ.பி. நம்பரும் இல்லை. பெயரையும் 2008 என்ற வருஷத்தையும் போட்டேன். தளம் பார்த்து அடிக்கச் சொன்ன கோணல்மாணல் எழுத்துகளை இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாம் தடவை உள்ளே விட்டது. எதுவும் வரவில்லை.

வருஷம் மட்டும் நிச்சயம் 2008. தீபாவளிக்கு முந்தின வாரம். கோர்ட்டிலிருந்து நேராகப் பாரிமுனைக்கு நடந்துபோய் அக்கா பிள்ளைகளுக்குப் பட்டாசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது மறக்குமா?

சாயந்திரம் அக்கா மகள் வந்தாள். அன்றைக்கு அந்தப் பட்டாசைக் கொளுத்தியவள்தான். தட்டில் வைத்த பஜ்ஜியைத் தொடவில்லை. "சித்தி, நானும் அவரும் பேசி முடிவு பண்ணிட்டோம். மியூச்சுவல் டைவர்ஸ். அம்மாகிட்ட நீ சொல்லு" என்றாள். இந்தக் குடும்பத்தில் அந்தத் துறைக்கு நான்தான் அனுபவஸ்தி.

2024 ஜூன் 11, செவ்வாய்

அசோக் நகரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷனே ஹைகோர்ட். குடும்பநல நீதிமன்றம் அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1892-ல் கட்டிய சிவப்புக் கட்டிடத்தின் கோபுர உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் எரிந்தது. 1977-ல் மெரினாவுக்கு மாறும்வரை கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு வந்தபோது இதையெல்லாம் நிமிர்ந்து பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பேன் போல.

நம்பர் தெரியாதவர்கள் தேடிப் பார்க்க மனு எழுதித் தரவேண்டும். அங்கிருந்த ஊழியர் பெரிய பதிவேட்டை விரித்து, கட்டைவிரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே போனார்.

"மனுதாரர் பேர்?"

என் பெயரைச் சொன்னேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர் எல்லாம் புரட்டினார். இல்லை.

"மியூச்சுவலாம்மா?"

"ஆமாங்க."

"அப்போ ரெண்டு பேருமே மனுதாரர். முதல் மனுதாரர் யாரு?"

எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது, எந்த இடத்தில் போட்டேன் என்பது ஞாபகமில்லை. "சரி, உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, வேறு எப்படிக் கேட்பார்? பதினைந்து வருஷமாக வாயில் வராத பெயரை, வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, இனிஷியலோடு சொன்னேன்.

ஒரு நிமிஷத்தில் விரல் நின்றது. அவர் பெயர் முழுசாக, அப்பா பெயரோடு எழுதியிருந்தது. அடுத்து "மற்றும் ஒருவர்". இவ்வளவு நேரம் நான் தேடிக்கொண்டிருந்த ஆள் அந்த இரண்டு வார்த்தைக்குள் இருந்தாள்.

தேதியும் நான் சொன்னதல்ல. 2008 அக்டோபரில் மனு தாக்கலாகியிருக்கிறது, உத்தரவு வந்தது 2009 ஜூனில். நான் தீர்ப்பு நாள் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது கையெழுத்துப் போட்ட நாள். அதன்பின் ஆறு மாதம் கழித்து வந்து நின்றது, நீதிபதி கேட்டது, எதுவுமே நினைவில் இல்லை. பட்டாசுக் கடை மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கிறது.

நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு, நகல் மனு போட்டுவிட்டு வந்தேன். "ஃபேர் அண்ட் டிக்ரீட்டல் ஆர்டர்னு ரெண்டும் சேர்த்து எழுதுங்க, ஒண்ணை மட்டும் வாங்கிட்டுப் போய் மறுபடி வராதீங்க" என்று அவரே திருத்திக் கொடுத்தார். ஃபேர் ஆர்டரில் காரணங்களோடு முழு உத்தரவு, டிக்ரீட்டலில் முடிவு மட்டும். நல்ல மனுஷர்.

2024 ஜூன் 14, வெள்ளி

அக்கா மகளோடு வக்கீலம்மாவைப் பார்த்தேன். பெண் வக்கீல்தான் வேண்டும் என்று இவள் பிடிவாதம்.

கல்யாணம் நடந்தது கும்பகோணத்தில். பையன் இப்போது பெங்களூரில். இவள் இங்கே என்னோடு. எந்த ஊர்க் கோர்ட்டில் போடுவது என்பதே பெரிய குழப்பமாக இருந்தது. கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர், இவற்றோடு மனைவி இப்போது வசிக்கிற ஊரிலும் போடலாம் என்று 2003 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். கும்பகோணம் போகாமல் தப்பித்தோம். அங்கே கோர்ட் வாசலில் நின்றால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

இந்துத் திருமணச் சட்டத்தில் 13பி பிரிவு, 1976-ல் வந்தது. ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்கவேண்டும். மனு போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து அதே பேச்சில் நிற்கவேண்டும். இடையில் யாராவது ஒருவர் மனசு மாறினால் அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம், 2017-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி விட்டிருக்கிறது. மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கவேண்டும், நகை பணம் குழந்தை எல்லாம் பேசி முடிந்திருக்கவேண்டும், சமாதானத்துக்கு வழியே இல்லை என்று தெரியவேண்டும். இவர்கள் பிரிந்து இருபத்தொரு மாதம், குழந்தை இல்லை. "கேட்டுப் பார்க்கலாம், கொடுக்கிறது ஜட்ஜ் இஷ்டம்" என்றார் வக்கீலம்மா. வக்கீலே இல்லாமல் நேரில் நின்றும் வழக்கு நடத்தலாம் என்பதையும் அவரேதான் சொன்னார். அதனாலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

இவளுக்கு ஒரே பயம். "யாராவது என் பேரைத் தேடினா கேஸ் பேப்பர் வெளியே வருமா?" சட்டத்தின் 22-ஆம் பிரிவில் விசாரணை மூடிய அறையில், விவரத்தை அச்சிட்டு வெளியிடக்கூடாது, மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். நகலும் சம்பந்தமில்லாதவர்கள் போய்ச் சும்மா கேட்டு வாங்கிவிட முடியாது. உறவுக்காரர்கள் வாய்க்கு இந்தப் பிரிவு செல்லாது என்று நான் சொன்னதும் முதல்முறையாகச் சிரித்தாள்.

2024 ஜூன் 17, திங்கள்

மனுவோடு வைக்கக் கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் சைஸ் படங்கள், ஒரு கல்யாணப் போட்டோ. கடைசிதான் பாடாய்ப் படுத்தியது. ஆல்பத்தில் நானூறு படம். கேண்டிட் என்ற பெயரில் ஒருத்தர் வானத்தைப் பார்க்கிறார், ஒருத்தர் வளையலைப் பார்க்கிறார். இரண்டு முகமும் நேராகத் தெரிகிற படம் மூன்று தேறியது. அதில் ஒன்றில் நடுவில் நான் நிற்கிறேன், தட்டில் கல்கண்டோடு.

சாமான் பட்டியல் பெங்களூருக்கும் சென்னைக்குமாக வாட்ஸ்அப்பில் ஓடியது. நகை முழுக்க இவளுக்கு, அதில் தகராறு இல்லை. வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, திரும்ப வருகிறது. கட்டில் வேண்டாம். வெட் கிரைண்டருக்கு மட்டும் பையன் வீட்டில் தயங்குகிறார்களாம். "அவங்களுக்கே இருக்கட்டும் சித்தி, அவங்கம்மாவுக்குத் தோள் வலி" என்றாள். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

டைப் அடித்து வந்த மனுவைப் படித்தேன். முதல் மனுதாரர் பையன். இரண்டாம் மனுதாரர் இவள்.

"மேடம், இதை மாத்திப் போட முடியுமா?"

"மாத்தலாம். ஆனா சட்டத்துல ஒரு வித்தியாசமும் இல்லீங்களே. பொதுவா அப்படி டைப் பண்றது பழக்கம்."

"வித்தியாசம் இல்லைன்னா மாத்திடுங்க."

குமாஸ்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் பெயர், வயது, கதவு எண் எல்லாம் இடம் மாற்றி மறுபடி அடிக்க அரைமணி நேரம் ஆனது. அந்த நேரத்துக்கு அவருக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

2024 ஜூன் 28, வெள்ளி

திங்களன்று தாக்கல் செய்த மனு, வழக்கு நம்பர் விழும்முன் தருகிற தற்காலிக எஸ்.ஆர். நம்பரோடு நின்று, இன்று ரிட்டர்ன் ஆனது. தப்பு எங்களுடையதுதான். இவள் ஆதாரில் இன்னும் கும்பகோணம் விலாசம். சென்னையில் வசிக்கிறாள் என்று காட்ட வாடகைப் பத்திரம் வைக்கவேண்டும், வைக்கவில்லை. வீட்டு ஓனரம்மாவிடம் கேட்கப்போனால் எதற்கு என்று கேட்பார். "பாஸ்போர்ட்டுக்கு" என்று சொல்லிவிட்டேன். இனி பாஸ்போர்ட் வந்ததா என்று தினம் கேட்பார்.

2024 ஜூலை 1, திங்கள்

இன்றுமுதல் புதிய குற்றவியல் சட்டங்கள். அதை எதிர்த்துப் பல ஊர்களில் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்கிறார்கள். வக்கீலம்மா போன் செய்து, இந்த வாரம் வரவேண்டாம் என்றார். நல்லதாயிற்று, மூன்று பிளவுஸ் பாக்கி.

2024 ஜூலை 9, செவ்வாய்

நகல் கையில் வந்தது. கடைசித் தாளில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், கோடு போட்ட கட்டம்: மனு கொடுத்த தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. ஒவ்வொன்றுக்கும் நேரே நீல மையில் ஒருவர் எழுதி, சுருக்கொப்பம் வைத்திருக்கிறார். என் கல்யாணத்துக்கே இத்தனை தேதி எழுதி வைக்கவில்லை.

உத்தரவில் ஒரு வரி: இரண்டாம் மனுதாரர் ஜீவனாம்சம் எதுவும் கோரவில்லை. அன்றைக்கு எனக்கு முப்பத்தொரு வயசு. ரோஷம். மாதம் ஏதாவது கேட்டு வாங்கு என்று அம்மா தலையால் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. இப்போது அப்பா பென்ஷனுக்கு வரிசையில் நிற்கிறேன்.

ஐந்து ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்றை லேமினேஷன் செய்தேன். அசலை அல்ல, அசலைச் செய்தால் சில ஆபீஸ்களில் ஏற்கமாட்டார்களாம். பெட்டி பரணிலேயே இருக்கட்டும்.

2024 ஆகஸ்ட் 7, புதன்

மனு நம்பராகி, இன்று முதல் வாய்தா. பையன் ராத்திரி பஸ்ஸில் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். மெலிந்திருந்தார். "நல்லா இருக்கீங்களா சித்தி?" என்று கேட்டார், நானும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். இவள் பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் யாரோ வளைகாப்புக்கு வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

வழக்குப் பட்டியலைப் பார்க்க அவர் எழுந்து போனார். ஒரு தடவை மேலிருந்து கீழ், ஒரு தடவை கீழிருந்து மேல். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"சித்தி, இன்னைக்கு தானே? என் பேர் லிஸ்ட்ல இல்லையே."

"இவ பேருக்குப் பக்கத்துல பாருங்க தம்பி. மற்றும் ஒருவர்னு இருக்கும்."

போய்ப் பார்த்தார். "ஓ, சரி சரி" என்றார். அதற்குள் டவாலி கதவருகே வந்து இவள் பெயரைக் கூப்பிட்டார்.