ரெஜ் கோப்பு மட்டும் போதாது

விண்டோஸில் எதையாவது மாற்றப் போகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்பதே. விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம்தான் ரெஜிஸ்ட்ரி. அதைத் திருத்தும் கருவியான ரெஜ்எடிட்டைத் திறந்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து, முழு ரெஜிஸ்ட்ரியையும் ஒரே ரெஜ் கோப்பாகச் சேமித்துவிட்டால், பிறகு என்ன ஆனாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

ரெஜ் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தால் முதல் வரியில் 'விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வெர்ஷன் 5.00' என்றிருக்கும், அதன் கீழே சதுர அடைப்புக்குள் கிளையின் (ரெஜிஸ்ட்ரிக்குள் ஃபோல்டர் போன்ற பகுதி) பெயரும், அடுத்தடுத்த வரிகளில் அதன் மதிப்புகளும் வரும். இதை இருமுறை சொடுக்கினால், விண்டோஸ் அந்த வரிகளை இப்போதுள்ள ரெஜிஸ்ட்ரியின் மேல் எழுதுமே தவிர, பழைய ரெஜிஸ்ட்ரியை அப்படியே கொண்டுவந்து வைக்காது. மாறிய மதிப்புகள் பழையபடி ஆகும், அழிந்தவை திரும்ப வரும். ஆனால் இடையில் புதிதாகச் சேர்ந்தவை போகாது. ஏதோ ஒரு மென்பொருள் சேர்த்துவிட்டுப் போன வரிகளே சிக்கலுக்குக் காரணம் என்றால், அந்தக் கோப்பை எத்தனை முறை சொடுக்கினாலும் பயனில்லை. அது மட்டுமல்ல, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் பிடியில் வைத்திருக்கும் கிளைகளில் எழுத முடியாமல், சிலவற்றை மாற்றி, சிலவற்றை விட்டுவிட்டு, பழையதும் புதியதும் கலந்த ஒரு நிலையில் கணினியை நிறுத்திவிடவும் கூடும்.

ஆகவே முழு ரெஜிஸ்ட்ரியை எடுப்பதைவிட, கை வைக்கப்போகும் கிளையை மட்டும் எடுப்பதே புத்திசாலித்தனம் என்பேன். தமிழ்த் தட்டச்சு அமைப்பையே எடுத்துக்கொள்வோம். கரன்ட் யூசர் பகுதியில் 'கீபோர்டு லேஅவுட்' என்ற கிளை உண்டு. அதற்குள் 'பிரீலோட்' என்பதைத் திறந்தால் 1, 2 என்ற பெயர்களில் வரிகள் இருக்கும். 00000409 என்றிருந்தால் அமெரிக்க ஆங்கிலம், 00000449 என்றிருந்தால் தமிழ். தமிழ்99 போன்ற வேறு விசைப்பலகையைச் சேர்த்திருந்தால் அதன் விவரம் பக்கத்திலுள்ள 'சப்ஸ்டிட்யூட்ஸ்' கிளையில் இருக்கலாம் என்பதால், பிரீலோடை மட்டும் எடுக்காமல், இரண்டுக்கும் மேலேயுள்ள கிளையை எடுப்பது நல்லது. சேமிக்கும்போது கோப்பு வகையை ரெஜிஸ்ட்ரி ஹைவ் என்று மாற்றினால், திரும்ப இம்போர்ட் செய்யும்போது அந்தக் கிளையின் உள்ளடக்கம் முழுவதும் பழையதாகவே மாற்றி வைக்கப்படும். புதிதாகச் சேர்ந்தவையும் நீங்கிவிடும். ஆனால் அந்த நேரத்தில் எந்தக் கிளை தேர்வாகியிருக்கிறதோ அதன் மேல்தான் அது எழுதும் என்பதால், சரியான இடத்தில் நிற்கிறோமா என்று இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ்தான் தானாகவே ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துவிடுகிறதே என்று சிலர் கேட்பார்கள். முன்பு எடுத்தது உண்மை. சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக்கிற்குள் ரெக்பேக் என்றொரு ஃபோல்டரில் அந்த நகல்கள் இருந்தன. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து, வட்டில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் அந்த ஃபோல்டரில் கோப்புகளின் பெயர்கள் இருக்கக்கூடும். அளவைப் பார்த்தால் 0 கேபி. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, கணினி கிளம்பாத வேளையில் இந்த வெற்றுக் கோப்புகளை எடுத்து உண்மையான கோப்புகளின் இடத்தில் வைத்தால், இருந்ததும் போய்விடும்.

மைக்ரோசாஃப்ட் இப்போது பரிந்துரைப்பது சிஸ்டம் ரெஸ்டோரைத்தான். 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் மீ பதிப்போடு வந்த இந்த வசதி, ரெஜிஸ்ட்ரியோடு சிஸ்டம் கோப்புகளையும் சேர்த்து ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும். நம் சொந்த ஆவணங்களைத் தொடாது. விண்டோஸ் கிளம்பவில்லை என்றாலும் ரெக்கவரி திரையிலிருந்து இதை இயக்கலாம் என்பதே இதன் பெரிய பலம். ஆனால் பல கணினிகளில் இதற்குத் தேவையான சிஸ்டம் புரொடெக்ஷன் ஆஃப் நிலையிலேயே கிடக்கிறது. சி டிரைவுக்கு அதை ஆன் செய்து இடம் ஒதுக்கினால்தான், திரும்பிப் போவதற்கான நிலையின் பதிவான ரெஸ்டோர் பாயின்ட் உருவாகும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு ரெஸ்டோர் பாயின்ட் 60 நாள்வரைதான் இருக்கும். அதோடு இவை அதே வட்டில் இருப்பதால், வட்டே பழுதானால் இவையும் சேர்ந்தே போகும்.

அதனால் சிலவற்றைக் கணினிக்கு வெளியே வைத்துத்தான் ஆக வேண்டும். விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் கட்டளையால், வன்பொருள்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களை ஒரு பென்டிரைவில் இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் வைஃபை டிரைவரே இல்லாமல் விழிக்கும் நிலை இதனால் தவிரும். நெட்ஷெல் கட்டளையால் வைஃபை விவரங்களையும் எடுக்கலாம். ஆனால் கடவுச்சொல்லோடு எடுத்தால் அது கோப்புக்குள் யாரும் படிக்கும்படி அப்படியே கிடக்கும், ஆகவே அந்தப் பென்டிரைவைக் கண்ட இடத்தில் வைக்க வேண்டாம். விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் அச்சிட்டு வைக்க வேண்டும். ரெக்கவரி திரை ரெஸ்டோர் பாயின்ட்டைக் காட்டுவதற்கு முன்பே அதைக் கேட்கக்கூடும்.