காலண்டர் தாளில் ஒரு புங்க மரம்

நங்கநல்லூரில் எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு புங்க மரம் நிற்கிறது. எட்டு வருஷமாக அதன் நிழலில்தான் வண்டியை நிறுத்துகிறேன். அதை நான் சரியாகப் பார்த்தது போன கோடை விடுமுறையில்தான்.

தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைச் சேர்த்து வைப்பது அம்மாவிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். மெல்லிசுத் தாள். இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு நரம்பும் எழுந்து வரும். நுனியால் தேய்த்தால் தாள் கிழிந்துவிடும். ஒரு பக்கம் இலை, மறுபக்கம் தேதியும் நல்ல நேரமும். பிள்ளைகளோடு தேய்க்க உட்காரும் ஞாயிறு காலையில் கிழிப்பது சனிக்கிழமைத் தாள் என்பதால் தேதி ஒரு நாள் பிந்தியிருக்கும், பரவாயில்லை.

முதலில் பிள்ளைகளிடம், "ஓட்டை இல்லாத இலையா எடுங்க" என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. நல்ல இலைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பிள்ளைகளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. மாடி வீட்டுப் பையன்தான் ஓர் இலையைக் கொண்டுவந்து, "ஆன்ட்டி, இதுக்கு அம்மை போட்டிருக்கு" என்றான். இலை முழுக்கக் குட்டிக் குட்டிப் புடைப்புகள். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் சாற்றை உறிஞ்சும்போது, அந்த இடத்தில் இலையே வீங்கி அவற்றுக்கு வீடாகிவிடுகிறது. இன்னோர் இலையில் வெள்ளைத் திட்டு: மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புழு மேய்ந்த இடம். அன்றிலிருந்து நல்ல இலையை யாரும் சீண்டுவதில்லை. யார் கையில் அதிகம் கடிபட்ட இலை என்பதுதான் போட்டி.

தெருமுனைப் பூவரசில் பீப்பி செய்யவும் கற்றுக்கொடுத்தேன். இலையைச் சுருட்டி, ஒரு நுனியை நசுக்கி ஊத வேண்டும். ஒரு வாரம் தெருவெல்லாம் பீப்பிச் சத்தம்.

கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் போயிருக்கிறோம். மானைப் பார்த்த சந்தோஷம் வீடு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும் மரம் வேறு. அதில் நேற்று இல்லாதது இன்று இருந்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

பங்குனியில் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டது. சருகைத் தேய்த்தால் நொறுங்குகிறது. மகள் தாளோடு கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றாள். அப்புறம் தாளை அடிமரத்தோடு அழுத்திப் பிடித்து, என்னைத் தேய்க்கச் சொன்னாள். பட்டையின் சொரசொரப்பு வந்தது. அதற்கடுத்த தாள்களில் தளிர். மினுமினுவென்று இளம்பச்சை, தொட்டாலே கசங்கும். கிரேயான் பட்டதும் நசுங்கி, தாளில் ஈரமான பச்சைக் கறை மட்டும் மிஞ்சியது.

அந்தக் கறைத் தாளைத்தான் பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.